எடை முள் நகராத மாதங்களில் ஆர்வம் எங்கிருந்து வரும்?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் 42 வயதுப் பெண். எடை 78 கிலோ இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு இனிப்பை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, காலையில் நடக்க ஆரம்பித்து நான்கு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் ஆறு வாரமாக எடை அங்கேயே நிற்கிறது. முன்பு இருந்த ஆர்வம் இல்லை. அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் தூங்கத் தோன்றுகிறது. சாயங்காலம் பசி தாங்கவில்லை. வீட்டில் ஆளாளுக்கு 'முகம் வாடிப்போச்சு, போதும் விடு' என்கிறார்கள். அந்த ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி, கடைசிவரை தக்கவைப்பது எப்படி?

நீரிழிவுக்காரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எடை குறைக்க ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் இதே கேள்வியோடுதான் வந்து உட்காருவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மனவுறுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது. அது என்ன வேலை என்று புரிந்தாலே பாதிச் சோர்வு போய்விடும்.

சாப்பாட்டைக் குறைத்த முதல் இரண்டு வாரத்தில் எடை கடகடவென்று இறங்கும். அதில் கணிசமான பங்கு தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிப்பில் இருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனைச் சுற்றி ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் இருக்கும். சோறு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே வெளியேறும். கொழுப்பு அத்தனை சீக்கிரம் கரையாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினமும் 400 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் ஒரு கிலோ கரைய இருபது நாள் பிடிக்கும். ஆக, முதல் மாதத்து வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் எந்த மாதமும் தோல்வி போலத்தான் தெரியும்.

அடுத்தது பசி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் ஒரு நீரிழிவு மாத்திரையைச் சாப்பிட்டவர்களின் எடையை வைத்துப் போட்ட கணக்கு அது. அவர்களுக்கே தெரியாமல் தினமும் கொஞ்சம் கலோரி வெளியேறிக்கொண்டிருந்தது. எடை குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாமல் நின்றுவிட்டது. காரணம், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடியிருந்தது. உடம்பு செலவழிக்கும் கலோரியும் கிலோவுக்கு 20 முதல் 30 வரை குறைந்திருந்தது. உங்கள் ஏழு கிலோவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் இருந்ததைவிட இப்போது நாளொன்றுக்கு 700 கலோரிக்கு ஏற்ற பசி அதிகம், செலவு 150, 200 கலோரி குறைவு. சாயங்காலம் உங்களைப் பிடித்து ஆட்டுவது அந்தப் பசிதான்.

இது சில வாரத்தில் அடங்கிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 2011-ல் மெல்போர்னில் நடந்த ஒரு ஆய்வில், பத்து வார டயட்டில் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்களை ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். அப்போதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே ஒரு வருடத்துக்கு மேல் கூட இருக்கப்போகிற பசி இது என்ற கணக்கில்தான் திட்டம் போட வேண்டும். வெறும் ஆர்வத்தை மட்டும் நம்பி ஒரு வருடத்துப் பசியோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். 78-லிருந்து 71 என்றால் ஒன்பது சதவீதம். அமெரிக்காவில் 2002-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். வாழ்க்கைமுறையை மாற்றிய பிரிவுக்கு வைத்த இலக்கு ஏழு சதவீத எடைக்குறைவும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான். அதிலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவில் 31 சதவீதம்தான். பிறகு அதே தரவை வைத்துக் கணக்கிட்டபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. அந்த இலக்கை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. அதில் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. ஆனாலும் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடை முள் அசையாத வாரங்களிலும் உள்ளே வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இந்த ஆறு வாரம் நீங்கள் நடந்த நடை எதுவும் வீண்போகவில்லை.

இங்கேதான் ஆர்வத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிற முக்கியமான விஷயம் வருகிறது. முதல் நான்கு மாதம் உங்களுக்கு ஆர்வம் எங்கிருந்து வந்தது? வாரம் ஒருமுறை எடை மெஷின் ஒரு சம்பளம் கொடுத்தது. 'அட, இளைச்சுட்டியே' என்று பார்க்கிறவர்கள் ஒரு சம்பளம் கொடுத்தார்கள். இரண்டுமே இப்போது நின்றுவிட்டன. எப்படியும் நிற்கத்தான் செய்யும்: யாருக்கும் எடை முடிவில்லாமல் குறைந்துகொண்டே போகாது, ஊராருக்கும் உங்கள் புது உருவம் பழகிவிடும். நீங்கள் நடப்பதும் அளவாகச் சாப்பிடுவதும் இன்னும் இருபது, முப்பது வருடத்துக்குத் தொடர வேண்டிய காரியம். எடை குறைகிற காலம் அதில் ஒரு வருடம் இருந்தாலே அதிகம். மிச்சக் காலம் முழுக்க முள் ஒரே இடத்தில் நிற்பதுதான் வெற்றி. அந்தக் காலத்துக்கு ஆர்வம் வேறு இடத்திலிருந்து வந்தாக வேண்டும்.

அதனால் அளக்கும் பொருளை மாற்றுங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது. நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்பளவு எடையைவிட முக்கியம் என்றே சொல்வேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்பிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு தங்கும். நடையும் உடற்பயிற்சியும் அந்த வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும்போது எடையில் அது தெரியாமலே போகலாம்.

இடுப்போடு எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், படியேறும்போது மூச்சு வாங்குவது, முழங்கால் வலி, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்பதையும் பாருங்கள். இவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லாவற்றையும் எழுதப் போனால் அதுவே ஒரு பாரமாகிவிடும். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். நீங்கள் கடைசியாக எடுத்தது தொடக்கத்தில் என்றால் இப்போது ஒருமுறை எடுங்கள். என்னிடம் வந்து போகிறவர்களில் பலரை நடைக்குத் திரும்பக் கூட்டிப்போனது அந்த ரிப்போர்ட்தான்.

காரணத்தையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். 'தங்கை கல்யாணத்துக்குள்ள குறைக்கணும்' என்று ஆரம்பிப்பவர்கள் கல்யாணம் முடிந்த வாரமே நிறுத்திவிடுகிறார்கள். கணவர் சொன்னார், பக்கத்து வீட்டில் கிண்டல் செய்தார்கள் என்று ஆரம்பிப்பவர்களும் நெடுநாள் நிலைப்பதில்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்தவர் தள்ளிச் செய்கிற காரியத்தைவிட, தானே விரும்பித் தேர்ந்தெடுத்த காரியம்தான் நிலைக்கிறது என்பது அவர்கள் கண்டது. உங்கள் காரணம் உங்களுடையதாக இருக்கட்டும். 'அம்மாவுக்கு ஐம்பது வயசுல இன்சுலின் ஊசி ஆரம்பிச்சாங்க, எனக்கு அது வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், அவர் நிலைத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

சரி, காரணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஆர்வமே இல்லாத நாட்கள் வரும். அந்த நாட்களைப் பழக்கம்தான் தாங்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தார்கள். தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்கிற ஒரு சின்னக் காரியம் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி, 22-ஆம் நாள் கஷ்டமாக இருந்ததும் தன்மேல்தான் குறை என்று நினைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அதே ஆய்வில் கண்ட இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதற்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை.

பழக்கம் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியம் வேண்டும். 'காலையில் நடப்பேன்' என்பது சும்மா விருப்பம். 'பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் அப்படியே பூங்காவரை போய்விட்டு வருவேன்' என்பது திட்டம். வீட்டுக்குள் காலை வைத்தால் பாத்திரம் கூப்பிடும், அது தெரிந்ததுதானே. இடைஞ்சலுக்கும் இப்படி முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 'இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன்' என்ற வடிவத்தில் திட்டம் போடுகிறவர்கள் சொன்னதைச் செய்துமுடிப்பது கூடுகிறது என்று காட்டினார். மழை பெய்தால் ஹாலிலேயே இருபது நிமிடம் நடப்பேன். சித்திரை வெயிலில் காலை தவறிப்போனால் ராத்திரி மொட்டைமாடியில் நடப்பேன். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை நிறையக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்து கொடுப்பேன். இதை மனதுக்குள் வைக்காமல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

இனி சமையலறை. அங்கேதான் பெரும்பாலானோரின் ஆர்வம் வறண்டுபோகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

நம் வீடுகளில் எடை குறைக்கிற பெண் செய்வது வழக்கமாக இதுதான். மற்ற மூன்று பேருக்கும் இட்லி, சட்னி, மத்தியானம் சோறு, குழம்பு, இரவு தோசை என்று எப்போதும்போலச் சமைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி அல்லது வேகவைத்த காய். எல்லோரும் தோசை சாப்பிடும் நேரத்தில் அடுப்படியில் நின்று தனியாகக் கஞ்சி குடிக்கிற வாழ்க்கை ஒரு மாதம் நடக்கும், மூன்று மாதம் நடக்கும், பத்து வருடம் நடக்காது. தனிச் சமையலை நிறுத்துங்கள். வீட்டுச் சமையலையே மாற்றுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது அதே பரம்பரை, கணவருக்கும் சர்க்கரை ஆபத்து அருகில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நீரிழிவு ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் எல்லையில்.

மாற்றுவது என்றால் புது உணவு ஏதும் தேட வேண்டாம். வாரத்தில் மூன்று இரவு அரிசி தோசைக்குப் பதில் பச்சைப்பயறு தோசை அல்லது பருப்பு அதிகம் போட்ட அடை. மத்தியானம் குழம்பில் பருப்பும் காயும் கெட்டியாக, பொரியல் எல்லோருக்கும் இரண்டு மடங்கு. சோற்றைக் குக்கரிலிருந்து நேராகத் தட்டில் போடாமல், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து அதைத் தட்டில் கவிழ்த்துங்கள். அந்த ஒரு கிண்ணம்தான் இன்றைய சோறு. முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதியை நிரப்பட்டும், சாப்பிடும்போதும் அதையே முதலில் தொடுங்கள். இந்த வரிசைக்கு வயிறும் நிரம்பும், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும் குறையும். 'சோறே சாப்பிட மாட்டேன்' என்று சபதம் எடுக்க வேண்டாம். சோறு இல்லாத வாழ்நாளை உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது என்றால் அந்த மாற்றம் உங்களுக்கானது இல்லை. எதை மாற்றும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஐம்பத்திரண்டு வயதிலும் இதே மாதிரி சாப்பிட எனக்குச் சம்மதமா?

எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் என்பது 120 கலோரிக்கு மேல். கடலை எண்ணெயானாலும் நல்லெண்ணெயானாலும் செக்கில் ஆட்டியதானாலும் கலோரியில் மாற்றமில்லை. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கத்தை விட்டு, மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்று வாங்குங்கள். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். மாதம் முடியும்வரை அதுதான் என்று வைத்துக்கொண்டால் தாளிப்பு தானாகவே அளவுக்கு வரும்.

அப்புறம் மிச்சம். பிள்ளை பாதி விட்ட நூடுல்ஸ், டிபன் பாக்ஸில் திரும்பி வந்த இரண்டு வாய்ப் புளிசாதம், 'வீணாப் போகுதே' என்று பாத்திரம் ஒழிக்கும்போது நின்றபடியே வாயில் போடும் கடைசித் துண்டுச் சப்பாத்தி. இவற்றைச் சாப்பிட்டதாகவே யாருக்கும் நினைவிருக்காது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மூன்று வேளையும் டீயும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். ஆறு வாரமாக எடை நிற்கிறது என்றால் ஒரு வாரம் இதை மட்டும் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்கு முதலில் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி வைப்பது ஒன்றே இதற்கு வழி.

சாயங்காலம் நாலிலிருந்து ஏழரைவரை உங்கள் பசி கொடூரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையிலும் மத்தியானத்திலும் புரதம் போதவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து, அறுபது கிராம் புரதமாவது வேண்டும். இட்லி சட்னி, சோறு ரசம், சப்பாத்தி குருமா என்று போகிற நாளில் அதில் பாதி வந்தாலே பெரிது. காலையில் இட்லியோடு ஒரு முட்டையோ கெட்டிச் சாம்பாரோ, மத்தியானம் தயிரும் பருப்பும் கூட்டுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் மீன் குழம்பில் மீனை அதிகமாக எடுங்கள். முக்கியமாக, நாலு மணிக்குச் சுண்டல். முதல் நாள் இரவே கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போட்டு, காலைக் குக்கரில் ஒரு விசிலோடு விசிலாக வேகவைத்து எடுத்து வைத்துவிட்டால், நாலு மணிக்குத் தாளித்தால் போதும். அந்த நேரத்தில் சுண்டல் தயாராக இல்லாவிட்டால் கை மிக்சர் டப்பாவுக்குத்தான் போகும். ஒரு கை மிக்சரில் 150 கலோரி இருக்கும், பசியும் அடங்காது. மிக்சர் டப்பா மேல் பரணுக்குப் போகட்டும். வாங்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

விருந்தும் பண்டிகையும் வரத்தான் செய்யும். ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-ல் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கண்டார்கள். டயட்டில் இருந்த பெண்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்க்ரீமை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள்தான் அதிக ஐஸ்க்ரீம் சாப்பிட்டார்கள். 'முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு' என்று நாம் சொல்வது இதைத்தான். கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டால் நூற்றைம்பது, இருநூறு கலோரி. அதனால் ஒன்றும் ஆகிவிடாது. 'டயட் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமை ஆரம்பிச்சுக்கலாம்' என்று வியாழக்கிழமையிலிருந்து ஞாயிறுவரை விட்டுவிடுவதில்தான் கிலோ ஏறும். விருந்துக்கு அடுத்த நாள் பட்டினி கிடக்கவும் வேண்டாம், கூடுதலாக ஓடவும் வேண்டாம். அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம்போல இருந்தால் போதும். மறுநாள் எடை ஒரு கிலோ கூடக் காட்டினால், அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், மூன்று நான்கு நாளில் போய்விடும். மாதவிலக்கை ஒட்டியும் அப்படித்தான்.

'முகம் வாடிப்போச்சு' என்பவர்களுக்கு வருவோம். அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், பூசினாற்போல இருப்பதே ஆரோக்கியம் என்று பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் எடையைப் பற்றியே பேசாதீர்கள். 'டாக்டர் சர்க்கரை வரப்போகுதுன்னு சொல்லிட்டாரும்மா, இந்த ரிப்போர்ட்டைப் பாருங்க' என்று காகிதத்தைக் காட்டுங்கள். அழகுக்காக இளைக்கிறாள் என்று நினைத்து வற்புறுத்துகிறவர்கள், நோய்க்காக என்று தெரிந்ததும் பெரும்பாலும் கட்சி மாறிவிடுவார்கள். அம்மாவையோ மாமியாரையோ கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் கீரை ஆய்ந்து கொடுப்பது அவர்கள் பொறுப்பு என்றால் அடுத்த வாரம் அவர்களே 'இன்னைக்குக் கீரை வாங்கலையா' என்று கேட்பார்கள். நடக்க ஒரு துணையும் தேடுங்கள். கேட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் அலாரத்தை அணைக்க மனம் வராது.

நடையைப் பற்றி ஒன்று. எடை குறைவதில் நடைக்குப் பங்கு சின்னது, குறைந்த எடையைக் காப்பதில் பங்கு மிகப் பெரியது. 1994-லிருந்து அமெரிக்காவில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் காத்தவர்கள் அதில் சேரலாம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணிநேரம் ஏதாவது உடலுழைப்பில் இருக்கிறார்கள், பெரும்பாலும் வெறும் நடை. ஒரே வீச்சில் ஒரு மணிநேரம் கிடைக்காவிட்டால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்கு ரொம்ப நல்லது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தசை வேகமாகக் கரையும் என்பதால் வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்துப் பத்து முறை எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. முழங்கால் வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தூக்கம் ஆறு மணிநேரத்துக்குக் குறைவென்றால் மற்ற எல்லாமே கடினம். 2004-ல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணிநேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. ராத்திரி சீரியலும் போனும் முடிந்து பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து நடப்பதைவிட, ஒரு மணிநேரம் கூடுதலாகத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் நடப்பது மேல்.

உடம்பில் வேறு காரணம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். தைராய்டு சோதனை ஒருமுறை போதும். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், சில சர்க்கரை மாத்திரைகள் எடையைக் கூட்டும். இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டபின் குற்றவுணர்வில் வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, யாருக்கும் தெரியாமல் மூச்சுமுட்டச் சாப்பிடுவது போன்றவை இருந்தால் டயட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். செமாகுளுடைட் ஊசியில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது என்று 2021-ல் ஆய்வு வந்தது. அதே ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான். உங்கள் நிலையில், இப்போது, அவசரம் இல்லை.

இத்தனையும் செய்தாலும் எடை கொஞ்சம் திரும்ப ஏறும், பெரும்பாலானோருக்கு ஏறுகிறது. அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரீனா விங் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எடை குறைத்து முடித்தவர்களுக்குப் போக்குவரத்து விளக்குபோல மூன்று நிறம் சொல்லிக் கொடுத்தார்கள். குறைத்து முடித்த எடையிலிருந்து சுமார் 1.4 கிலோவரை ஏறினால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. எடையை அடிக்கடி பார்த்து, நிறம் மாறியதும் உடனே ஏதாவது செய்ய வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து, நேரில் கூடிப் பேசிய குழுவில் 46 சதவீதம் பேர்தான் அந்த 2.3 கிலோவைத் தாண்டியிருந்தார்கள். வெறும் தபாலில் தகவல் அனுப்பப்பட்டவர்களில் 72 சதவீதம்.

உங்களுக்கு 71 என்று வைத்துக்கொண்டால் 72.4 வரை பச்சை, வழக்கம்போல இருங்கள். அதைத் தாண்டி ஒரு வாரம் அப்படியே நின்றால் மஞ்சள்: வாயில் போடுவதையெல்லாம் இரண்டு வாரம் எழுதுங்கள், எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், நாலு மணிச் சுண்டல் எப்போது நின்றது என்று யோசியுங்கள், பெரும்பாலும் அங்கேயே காரணம் கிடைத்துவிடும். 73.3 தொட்டால் சிவப்பு. அப்போது 78-ஐ எட்டும்வரை காத்திருக்காமல், வெட்கப்படாமல், உங்கள் டாக்டரையோ டயட்டீஷியனையோ அந்த வாரமே போய்ப் பாருங்கள். எடையைத் தினமும் பார்ப்பது மனதைக் கெடுக்கிறது என்றால் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை, பாத்ரூம் போய்வந்ததும், வெறும் வயிற்றில் பார்த்து காலண்டரிலேயே எழுதிவிடுங்கள்.